தங்கவயலில் எதைப் புதுப்பிக்கப் போகிறீர்கள்?

கோலார் தங்கவயலுக்குப் புத்துயிர் ஊட்ட வேண்டும் என்னும் பேச்சு ஓய்வதேயில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட நாள்தொட்டுத் தேர்தலுக்குத் தேர்தல் அவ்வூர் மக்கள் கேட்டுப் பழகிய பேச்சு அது. முன்பெல்லாம் சுரங்கத்தை மீண்டும் திறப்போம் என்றார்கள். பிறகு தொழிற்பூங்கா அமைப்போம் என்றார்கள். இப்போது புதிதாக ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது: பழைய கட்டடங்களைச் சீரமைத்து மரபுச் சுற்றுலா நடத்தினால் ஊர் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லும் படித்தவர்களின் கூட்டம். தொழிலாளர் வரலாற்றை ஆய்வுப்பொருளாகக் கொண்டு பெங்களூருவில் வாழ்பவன் என்பதால் இவர்களோடு அடிக்கடி ஒரே மேசையில் அமர நேர்கிறது. ஆகவே என் சண்டையை முதலில் இவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

இவர்கள் காட்டும் படங்களைப் பாருங்கள். அகன்ற தாழ்வாரமும் ஓட்டுக்கூரையும் கொண்ட பங்களாக்கள், ஐரோப்பியர்களின் மன்றம், கோல்ஃப் திடல், தேவாலயங்கள், பழைய மருத்துவமனை. படத்தின் கீழே தவறாமல் ‘சின்ன இங்கிலாந்து’ என்னும் தொடர். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது, 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பியிழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது, பெங்களூருவுக்கு அந்த வெளிச்சம் கிட்டியது 1905இல்தான் என்னும் செய்திகள் பெருமிதத்தோடு அடுக்கப்படும். எல்லாம் உண்மையே. பங்களாக்கள் அழகானவை என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மின்சாரம் யாரை எவ்வளவு ஆழத்துக்கு இறக்குவதற்காக வந்தது என்று கேட்டால் உரையாடல் சட்டென்று வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

சேம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்தது. இறுகிய பாறை திடீரென்று வெடித்து ஆட்களைப் புதைத்தது. அங்கே இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பி வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் குடியிருந்தது ‘லைன்’ என்று இன்றும் அழைக்கப்படும் வரிசை வீடுகளில். முதலில் மூங்கில் தட்டியால் அடைத்தவை. காலப்போக்கில் சுவரும் தகரக்கூரையும் பெற்றவை. தலை குனிந்து நுழைய வேண்டிய சிறு அறை, தெருவுக்குப் பொதுவான குழாய், பொதுக் கழிப்பிடம். மரபு நடை நடத்துவோரின் பாதை இந்த லைன்களின் வாயிலில் முடிந்துவிடுகிறது. ‘அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை’ என்கிறார்கள்.

ஒன்றுமில்லையா? அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே மாரிகுப்பத்தில் கிளை பரப்பியது. அவர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்கு வாசகரும் புரவலரும் திரண்ட இடம் தங்கவயல். 1914இல் அவர் மறைந்த பின்னர் அவருடைய எழுத்துகளை நூல்களாக்கி அழியாமல் காத்தது அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை. 1926 முதல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை மீண்டும் நடத்தியதும் அங்கிருந்துதான். பகலெல்லாம் பாறை உடைத்தவர்களின் கூலிக்காசில் இவை நடந்தன. இன்று பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் நாம் அயோத்திதாசரை மேற்கோள் காட்டுகிறோமே, அந்த மேற்கோள் நம் கைக்கு வந்த வழியில் தகரக்கூரை லைன்கள் இருக்கின்றன. 1930இல் குற்றவாளிகளைப் போலத் தங்கள் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்ட நிர்வாகத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டம் மூண்டது மன்றக் கட்டடத்தின் நடனக்கூடத்திலா?

குடிசைக்கும் தகரத்துக்கும் மரபுச்சின்னத் தகுதி கேட்பது மிகையுணர்ச்சி என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவருக்கு ஜெர்மனியின் ரூர் பகுதியிலிருந்தே விடை சொல்லலாம்; இவ்வகைத் திட்டங்கள் அனைத்தும் முன்மாதிரியாகக் காட்டுவது அப்பகுதியைத்தானே. எஸ்ஸன் நகரின் சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. அரசு அதை விலைக்கு வாங்கிக் காத்தது. 2001இல், நம் தங்கவயல் பூட்டப்பட்ட அதே ஆண்டில், அது உலக மரபுச்சின்னம் ஆயிற்று. இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அருகிலுள்ள ஓபர்ஹவுசனின் ஐசன்ஹைம் குடியிருப்பைப் பற்றி யாரும் சொல்வதில்லை. 1846இல் தொடங்கப்பெற்ற தொழிலாளர் குடியிருப்பு அது. அதை இடித்து அடுக்குமாடி எழுப்பத் திட்டமிட்டபோது, 1970களில் அங்கே குடியிருந்தவர்களே திரண்டு தடுத்தார்கள். வீடுகள் நின்றன, அவற்றுள் வாழ்ந்தவர்களும் வெளியேற்றப்படவில்லை. நம்மூர் வல்லுநர்கள் ரூரிலிருந்து இரும்புக் கோபுரத்தின் படத்தை மட்டும் எடுத்து வருகிறார்கள்.

குடியிருப்பவரை விட்டுவிட்டுக் கட்டடத்தைக் காத்தால் என்ன நேரும் என்பதற்கு மும்பை சான்று. 1982 வேலைநிறுத்தத்தில் இரண்டரை இலட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வீதிக்கு வந்தார்கள். ஆலைகள் அதன்பின் எழவேயில்லை. 1991 விதிகளின்படி, விற்கப்படும் ஆலை நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கும் இன்னொரு பங்கு பொது வீட்டுவசதிக்கும் போக வேண்டும். 2001இல் விதி திருத்தப்பட்டது: கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே அந்தப் பங்கீடு. ஒரு சொல் மாற்றத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கர் கைமாறியது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. இன்று லோயர் பரேலில் ஓர் ஆலையின் புகைபோக்கி வணிக வளாகத்துக்கு அணிகலனாக நிற்கிறது. மரபு காக்கப்பட்டுவிட்டது, ஐயமே இல்லை! அந்தப் புகையைச் சுவாசித்தவர்களின் பிள்ளைகள் அவ்வளாகத்தின் காவலாளிகளாக நிற்கலாம்.

தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கையில் இருந்த நிலம் சுமார் 12,000 ஏக்கர். அதன்மேல் நிற்கும் லைன் வீடுகளில் மூன்று நான்கு தலைமுறையாக வாழும் குடும்பங்கள் பல, கால் நூற்றாண்டாக உரிமைப் பத்திரத்துக்காக மனு எழுதிக்கொண்டிருக்கின்றன. பத்திரம் இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடன் கிடையாது. கடன் இல்லாமல் கூரையை மாற்ற முடியாது. கூரை இற்று விழுந்தால் ‘சிதிலமடைந்த ஆக்கிரமிப்பு’ என்று அதே கட்டடத்துக்குப் பெயர் சூட்டி இடித்துவிடலாம். பழைய கட்டடம் தானாக அழிகிறது என்று எண்ணுவோர் இந்தச் சங்கிலியை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புக் காரை கலக்கும் வல்லுநரைத் தேடி அலையும் முன்னர் நில அளவையாளர் ஒருவரை லைன்களுக்கு அனுப்புங்கள். பட்டா கிடைத்தவன் தன் சுவரைத் தானே காப்பான். எந்த அறக்கட்டளையும் அவனுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கழிவுமண் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊரைச் சுற்றி மலைபோல் குவிந்திருக்கும் 13 சயனைடு மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் மண் இருப்பதாகக் கணக்கு. அதில் எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. பரப்பு ஏறத்தாழ 1,003 ஏக்கர். மேடுகள் அகற்றப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. காற்று வீசும் நாளில் அந்தத் தூள் சோற்றுத் தட்டு வரைக்கும் வருகிறது. ஆனால் மண்ணைக் கிளறும்போது எழும் தூசிக்கு யார் பொறுப்பு? எடுத்த பிறகு மிஞ்சும் மண் எங்கே போகும்? 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளையை உருவாக்கியிருக்கிறதே, இந்தத் தங்கத்திலிருந்து எத்தனை ரூபாய் இவ்வூருக்கென்று அதில் சேரும்? ஏல ஆவணத்தில் எழுதப்படாதது எதுவும் பிறகு கிடைக்காது.

தொழிற்பூங்காவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேலை வந்தால் நல்லது. மாரிகுப்பத்திலிருந்து இருட்டோடு புறப்படும் தொடர்வண்டியில் ஏறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூருவில் வேலை பார்த்து, இருட்டிய பின் வீடு திரும்பும் ஊர் அது. ‘வளரும் துணைநகரம்’ என்கிறார்கள். பகலில் பிள்ளைகளும் முதியோரும் மட்டும் இருக்கும் ஊர் என்பதே சரியான வருணனை. இங்கேயே தொழில் அமைந்தால் அவர்களுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேர வாழ்க்கை மீளும். முதல் உரிமை அவர்களுக்கு என்று நிபந்தனை விதிக்காத பூங்கா, வெளியூர்க்காரர்களுக்கு மலிவு நிலம் தரும் ஏற்பாடாக முடியும்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கும் ஒரு சொல். மொழிவாரி மாநிலம் அமைந்தபோது எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட இவ்வூரை, நாம் வெற்றிப் படத்தின் பெயராக மட்டும் அறிந்து வைத்திருக்கிறோம். கர்நாடகத்துக்கு அவர்கள் தமிழர். நமக்கு அவர்கள் கர்நாடகத்தார். 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களை உலகில் முதலில் கண்டறிந்த இரு ஆய்வுகளுள் ஒன்று சேம்பியன் ரீஃபின் ஆழத்தில்தான் நடந்தது. அதை எத்தனை தமிழ்ப் பாடநூல்கள் சொல்கின்றன?

கட்டடங்களோடு சேர்த்துக் காக்க வேண்டியவை தாள்கள். வேலைப் பதிவேடு, விபத்துப் பதிவேடு, மருத்துவமனைக் குறிப்பு, லைன் வீடுகளின் ஒதுக்கீட்டுப் பட்டியல் ஆகியவற்றில் எஞ்சியவை அனைத்தும் ஊரிலேயே ஒரு பொதுக் காப்பகத்துக்கு வர வேண்டும். சீரமைக்கப்படும் முதல் பங்களாவை அதற்கே ஒதுக்கலாம். 1940களில் சுரங்கத் தொழிலாளர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்தபோது ஐந்தில் இருவருக்கும் மேல் சிலிக்கோசிஸ் நுரையீரல் நோய் இருந்தது. சுரங்கம் மூடிய பிறகும் அந்நோய் வளரும். கணவன் எந்தக் குழியில் எத்தனை ஆண்டு இறங்கினான் என்பதற்குச் சான்று காட்டச் சொல்லி அலுவலகம் ஒரு கைம்பெண்ணைத் திருப்பி அனுப்பும்போது, அவளுக்குத் தேவைப்படுவது அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கம்.