பழுதை எண்ணுகிறார்கள், சாதியை எண்ணுவதில்லை

ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் 2002-ஆம் ஆண்டு ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. தரக் கட்டுப்பாட்டுக்காக உலகம் முழுக்க மதிக்கப்படும் விருது அது. அதற்குப் பெயர் தந்த எட்வர்ட்ஸ் டெமிங் வண்டி வடிவமைத்தவரோ கம்பெனி நடத்தியவரோ அல்ல. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையில் மாதிரி எடுப்பு முறைகளை உருவாக்கும் வேலை பார்த்த புள்ளியியலாளர். 1950-இல் அவர் ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் எடுத்த வகுப்புகள் புள்ளியியல் வகுப்புகள்தான். ஓசூர் சிப்காட்டில் ஒரு பாகம் அளக்கப்படும்போதும், அந்த அளவு வரைபடத்தில் ஒரு புள்ளியாக ஏறும்போதும், புள்ளி எல்லைக்கோட்டைத் தாண்டியதும் லைன் நிறுத்தப்படும்போதும் அங்கே வேலை செய்வது இந்தப் படிப்புதான்.

ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிளஸ் டூ முடிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளையிடம் "பி.எஸ்சி. புள்ளியியல் எடு" என்று யாரும் சொல்வதில்லை. டிப்ளமோ, ஐடிஐ, நர்சிங், கடன் வாங்கியாவது இன்ஜினியரிங். கணிதத்தில் மார்க் இருந்தால் பி.எஸ்சி. கணிதம், பிறகு பி.எட்., பிறகு காத்திருப்பு. பெரும்பாலான அரசுக் கலைக் கல்லூரிகளில் புள்ளியியல் ஒரு துணைப்பாடம் மட்டுமே. அளவெடுத்துத் தாளில் எழுதுகிற கை நம் வீட்டுப் பிள்ளையுடையது. அந்தத் தாளைப் படித்து முடிவெடுக்கிற கண் வேறு வீட்டுப் பிள்ளையுடையது. இதை வெறும் வேலைவாய்ப்புச் சிக்கலாக மட்டும் பார்க்க எனக்கு மனமில்லை. சாதி ஒழிப்பு பேசுகிறவர்களுக்கு இந்தப் படிப்பு ஏன் தேவை என்பதை முதலில் பேசிவிடுகிறேன். சம்பளம், பரீட்சை எல்லாம் பிறகு.

டெமிங் தன் வகுப்புகளில் ஒரு சோதனை செய்து காட்டுவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. சிவப்பு என்றால் பழுது. தொழிலாளர்களாக நடிக்கிறவர்கள் 50 குழிகள் கொண்ட ஒரு துடுப்பைப் பெட்டிக்குள் விட்டு மணிகளை அள்ள வேண்டும். பொறுக்கி எடுக்கக் கூடாது. ஒருவருக்கு ஆறு சிவப்பு வரும், இன்னொருவருக்கு பதினான்கு. ஆறு வந்தவரைச் சூப்பர்வைசர் பாராட்டுவார், பதினான்கு வந்தவரைத் திட்டுவார். மறுசுற்றில் பாராட்டு வாங்கியவருக்கே சிவப்பு அதிகமாக வரும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். பழுது இருந்தது பெட்டியில், திட்டு விழுந்தது ஆள் மேல்.

"தகுதி" என்ற சொல்லை வைத்து இந்த நாட்டில் நடக்கும் விவாதம் முழுக்க அந்தச் சூப்பர்வைசரின் குரலில்தான் நடக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு, அதுதான் முக்கியமானது. டெமிங்கின் சோதனையில் எல்லோருக்கும் ஒரே பெட்டி. இங்கே ஒருவருக்குச் சிவப்பு நிறைந்த பெட்டி, இன்னொருவருக்கு மூன்று தலைமுறையாகச் சிவப்பு பொறுக்கி நீக்கப்பட்ட பெட்டி. துடுப்பு மட்டும் ஒன்று. அதற்கு நீட் என்றோ ஜேஇஇ என்றோ பெயர்.

புள்ளியியல் இயல்பிலேயே நம் பக்கம் நிற்கும் அறிவு என்று சொல்லவில்லை. அதன் பிறப்பே அழுக்கானது. பிரான்சிஸ் கால்டனும் கார்ல் பியர்சனும் இந்தத் துறையின் தூண்கள். இருவருமே மனிதரில் உயர்ந்த வித்து, தாழ்ந்த வித்து பிரித்த இனமேம்பாட்டுவாதிகள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி 2020-இல்தான் தன் கட்டடங்களிலிருந்து அவர்கள் பெயரை நீக்கியது. இந்தியாவில் ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கை அளந்து சாதிப் படிநிலைக்கு இனச் சாயம் பூசினார். சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டனும் கையில் அளவுகோலோடுதான் இருந்தார். இந்தியப் புள்ளியியலின் தந்தை என்று போற்றப்படும் மகலனோபிஸ், ரிஸ்லியின் அளவுகளைத் திருத்தி 1933-இல் கட்டுரை எழுதினார். 1936-இல் வெளிவந்து அவர் பெயரைத் தாங்கி நிற்கும் "மகலனோபிஸ் தூரம்" இரண்டு மனிதக் கூட்டங்கள் உடலளவில் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று அளக்கும் தேடலில் பிறந்தது. இன்று அதே சூத்திரம் எந்திரத்தில் பழுதைக் கண்டுபிடிக்கவும், வங்கி மோசடியைப் பிடிக்கவும் பயன்படுகிறது. வகுப்பில் சூத்திரம் மட்டும் வரும், மூக்கு வராது.

அதே மூக்கு அளவுகளை அம்பேத்கர் என்ன செய்தார் என்பதுதான் நமக்கான பாடம். 1948-இல் வெளிவந்த தீண்டப்படாதார் பற்றிய நூலில், குர்யே தொகுத்த அளவுகளை எடுத்துக்கொண்டு, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் வெவ்வேறு இனம் என்ற கதையை அந்த எண்களாலேயே உடைத்தார். எதிரியின் அட்டவணை என்று ஒதுங்கிப் போகவில்லை.

இன்று சமூகநீதி வழக்குகள் வெல்வதும் தோற்பதும் அட்டவணைகளில்தான். வன்னியர்களுக்கான 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 2022 மார்ச் 31 அன்று ரத்து செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, தரவு பழையது, போதாதது என்பது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவை 1980-களின் அம்பாசங்கர் ஆணைய எண்கள். 2024 ஆகஸ்ட் 1 அன்று பட்டியலினத்துக்குள் உள் வகைப்பாடு செல்லும் என்ற தீர்ப்பு வந்தது. அதுவும் தரவைக் காட்டு என்றே மாநிலங்களிடம் கேட்கிறது. மண்டல் ஆணையத்தின் 52 விழுக்காடு 1931 கணக்கெடுப்பிலிருந்து நீட்டிப் போட்ட கணக்கு.

2011 சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1931-இல் 4,147 என்று இருந்த சாதிப் பெயர்கள் 46 லட்சம் ஆகிவிட்டன என்று ஒன்றிய அரசு 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. எழுத்துப்பிழை, உட்பிரிவு, கோத்திரம், குலப்பட்டம் எல்லாம் தனித்தனிச் சாதியாகப் பதிவாகிவிட்டன. தரவு குப்பை, வெளியிட முடியாது என்றார்கள். குப்பை என்பதை நான் ஏற்கமாட்டேன். அது வகைப்படுத்தும் வேலையை ஒழுங்காகச் செய்யாததன் விளைவு. அதற்கு முன்கூட்டியே குறியீட்டுப் பட்டியல் வேண்டும், ஊரின் பேச்சு தெரிந்த ஆள் வேண்டும். 2025 ஏப்ரல் 30 அன்று அறிவிக்கப்பட்ட சாதிக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டது. அங்கேயும் இதே சிக்கல் காத்திருக்கிறது.

ஓசூர் எல்லையில் நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். இரண்டு பக்கமும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். தமிழ்நாட்டின் பட்டியலினத்தில் ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர், ஆதி கர்நாடகர், ஹொலையர், மாதிகர், அருந்ததியர், சக்கிலியர் எல்லோரும் தனித்தனிப் பெயர்களாக உண்டு. 2009-இல் வந்த 3 விழுக்காடு அருந்ததியர் உள் ஒதுக்கீட்டில் ஏழு பெயர்கள். அதில் ஆதி ஆந்திரர் இருக்கிறது, ஆதி கர்நாடகர் இல்லை. கர்நாடகத்திலோ "ஆதி கர்நாடகர்" என்ற ஒரே பெயருக்குள் ஹொலையரும் மாதிகரும் இருக்கிறார்கள். யார் எத்தனை பேர் என்று பிரிக்கவே நீதிபதி நாகமோகன் தாஸ் ஆணையம் 2025-இல் வீடுவீடாகக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு அம்மா படிவத்தில் எந்தப் பெயரைச் சொல்கிறார், எழுதுகிறவர் அதை எந்தக் குறியீட்டில் போடுகிறார் என்பதில் அவர் பேத்தியின் கல்லூரி இடமே இருக்கிறது. இது டெல்லியில் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. சேரியிலிருந்து புள்ளியியல் படித்து வந்தவருக்குத் தெரியும்.

தொழிற்சாலைக்குள் நிலைமை இன்னும் மோசம். நூறு பாகத்தில் எத்தனை பழுது என்று மணிக்கொரு தரம் எண்ணுகிறார்கள். நிரந்தரத் தொழிலாளி யார், ஒப்பந்தத் தொழிலாளி யார், பயிற்சியாளர் என்ற பெயரில் வருடக்கணக்காக லைனில் நிற்பவர் யார், அவர்கள் என்ன சாதி என்று எந்தத் தாளிலும் இல்லை. ஒன்றிய அரசின் வருடாந்திரத் தொழில் கணக்கெடுப்பு ஒப்பந்தத் தொழிலாளரைத் தனியாக எண்ணும், சாதி கேட்காது. தேசிய மாதிரி ஆய்வு சாதி கேட்கும், ஆனால் பட்டியலினம், பழங்குடி, ஓபிசி, மற்றவர் என்ற நான்கு பெட்டிகளோடு நிறுத்திக்கொள்ளும். தனியார் துறையில் இட ஒதுக்கீடு கேட்டு எத்தனையோ கூட்டம் போட்டோம். "எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று திருப்பிக் கேட்டால் கையில் எண் இல்லை.

இனி வேலை. இளங்கலையில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தாலே யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுதலாம். 1961-இல் தொடங்கப்பட்ட இந்தக் குரூப் ஏ பணி பற்றி ஐஏஎஸ் கனவு காணும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரிவதேயில்லை. எஸ்எஸ்சி பட்டதாரித் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர். மாதிரி ஆய்வுக்காக வீடுவீடாகப் போகும் பணி அது. டிஎன்பிஎஸ்சியின் புள்ளியியல் சார்நிலைப் பணிகளில் உதவிப் புள்ளியியல் ஆய்வாளர், வட்டாரச் சுகாதாரப் புள்ளியியலாளர். முதுகலை முடித்தால் ரிசர்வ் வங்கியின் புள்ளியியல் துறை. கொல்கத்தாவில் 1931-இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கல்விக் கட்டணம் வாங்காமல், மாத உதவித்தொகையும் தந்து பாடம் நடத்தி வந்த இடம். அதன் பெங்களூரு மையம் மைசூர் சாலையில், ஓசூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில். இட ஒதுக்கீடும் உண்டு. தடை நுழைவுத் தேர்வின் கணக்கும், அதைச் சொல்லித்தர ஆளில்லாததும்தான். நம் பல்கலைக்கழகத்தை மறந்துவிடக் கூடாது: இந்த மாவட்டக் கல்லூரிகள் இணைந்திருக்கும், சேலத்தில் பெரியார் பெயரில் இருக்கும் பல்கலைக்கழகத்திலேயே புள்ளியியல் துறை உண்டு.

தனியார் பக்கம் மருந்துச் சோதனைகளின் தரவு, காப்பீட்டுக் கணிப்பு, வங்கிக் கடன் ஆபத்து என்று பெங்களூரில் வேலை இருக்கிறது. அதைக் காட்டித்தான் "ஆறு மாதத்தில் டேட்டா சயின்டிஸ்ட்" என்று லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் பயிற்சிக் கடைகள் ஆள் பிடிக்கின்றன. மாதத் தவணை போட்டு அங்கே சேராதீர்கள். மென்பொருளை இயக்கக் கற்றுக்கொள்வதும், மாதிரிப் பிழை என்றால் என்ன என்று தெரிவதும் வேறு வேறு. மூன்று வருடம் அரசுக் கல்லூரியில் நிகழ்தகவும் மாதிரி எடுப்பும் ஒழுங்காகப் படித்தவர் ஆர் மொழியையும் பைத்தானையும் இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம். ஆங்கில நேர்காணலும் "தெரிந்தவர் பரிந்துரை"யும் அதற்குப் பிறகும் நம்மை வடிகட்டும், அதை மறைக்க விரும்பவில்லை. பொதுத்துறைப் பணிகளை முதலில் சொன்னது அதனால்தான்.

தாட்கோ இலவசமாக விமானப் பணி, அழகுக்கலை என்று பயிற்சி தருகிறது. தரட்டும். அதன் அறிவிப்புகளில் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கும், இந்தியப் புள்ளியியல் நிறுவன நுழைவுத் தேர்வுக்கும் உண்டு உறைவிடப் பயிற்சி வேண்டும் என்று ஓசூர், கிருஷ்ணகிரி தோழர்கள் மனு கொடுக்க வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே ஆதிதிராவிடர் நல விடுதிகளில் போய் உட்கார்ந்து இந்தப் படிப்பின் பெயரைச் சொல்ல வேண்டும். கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும் நாளில், ஒவ்வொரு குடியிருப்பிலும் எந்தப் பெயரைச் சொல்வது, அது சரியாகப் பதிவானதா என்று கூடவே நின்று பார்க்கவும் நான்கு பேர் வேண்டும்.