பூட்டுப் போட்ட புத்தகம் யாருக்குச் சொந்தம்?



பிள்ளைகளுக்கு மின்நூல் வாங்கிக் கொடுக்கலாமா என்று பெற்றோர் சிலர் எங்களிடம் கேட்கிறார்கள். வசதி என்றால் வசதிதான். சென்னையில் வெளிவந்த நூல் யாழ்ப்பாணக் கடைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காசு கட்டினால் இரண்டு நிமிடத்தில் போனில் வாசிக்கலாம்.

ஆனால் வாங்கியது எங்களுக்குச் சொந்தமா? கடையில் விற்கும் பல மின்நூல்களில் கொப்பி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டிருக்கிறார்கள். படித்து முடித்ததைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரவல் கொடுக்க முடியாது. 2009இல், விற்க உரிமையில்லாத ஒருவர் ஏற்றியது என்று சொல்லி, ஜோர்ஜ் ஓர்வெலின் '1984' நாவலை வாங்கியவர்களின் கின்டிலிலிருந்தே அமேசன் அழித்தது. 2019இல் மைக்ரோசொப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய நூல்கள் எல்லாம் மறைந்தன. இரண்டு முறையும் காசு திரும்பி வந்தது. ஆனால் வாங்கிய புத்தகம் கையை விட்டுப் போனது.

இது எங்களுக்குச் சின்ன விஷயமல்ல. 1981இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது வீட்டு அலுமாரிப் புத்தகங்களை யார் தூக்கிக்கொண்டு போனோம்? வேறு எங்கோ, யார் கையிலோ இன்னொரு பிரதி இருந்த நூல்தான் தப்பியது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் அப்படித் தப்பிய பிரதிகளைத் தேடித்தான் ஸ்கான் செய்து சேர்க்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் வட்ஸ்அப் குழுவில் போடலாம் என்றில்லை. எங்கள் ஊர் எழுத்தாளர் கைக்காசு போட்டு அச்சடித்து, வெளியீட்டு விழாவில் நாலு பிரதி விற்றால்தான் அடுத்த நூலை நினைக்கலாம். அவருடைய நூலைப் பி.டி.எப். ஆக்கிப் பரப்புவது அவர் உழைப்பில் கை வைப்பது. இலங்கைச் சட்டப்படி, ஆசிரியர் காலமாகி 70 ஆண்டுகள்வரை உரிமை உண்டு.

ஆனால் பூட்டு அந்தக் களவை நிறுத்தவில்லை. களவாக எடுப்பவருக்குப் பூட்டில்லாத பிரதி கிடைக்கிறது. காசு கொடுத்தவர்தான் பூட்டுக்குள் நிற்கிறார்.

ஆகவே எழுத்தாளர்களே, அமேசனில் நூல் ஏற்றும்போது பூட்டு வேண்டாம் என்று தெரிவுசெய்ய வழியுண்டு, அதைச் செய்யுங்கள். அச்சில் இல்லாத உங்கள் பழைய நூல்களை நூலகத்துக்குக் கொடுக்க அனுமதியுங்கள். வாசகர்களே, அனுப்புவதற்கு முன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விலைக்கு இருந்தால் வாங்குங்கள். பிள்ளைக்கு மிகவும் பிடித்த நூலை மட்டும் அச்சிலும் ஒன்று வாங்கி வையுங்கள். அதை எந்தக் கடையும் வந்து அழிக்காது.