காப்புறையின் எண்ணும் அதன் பொருளும்

தொழிற்சாலைக்கு மின்சாரக் கருவி வாங்குவோர் அதன் திறனையும் விலையையும் நெடுநேரம் ஆராய்கின்றனர். அதனை மூடியுள்ள உறையைப் பற்றியோ, 'நீர் புகாதது' என்று ஒரு சொல் எழுதி அமைந்துவிடுகின்றனர். இச்சொல் போதாது என்பதே எமது கருத்து. எவ்வகை நீர், எத்துணை விசையோடு, எவ்வளவு நேரம் என்று கூறாத சொல் கருவியையும் காவாது. அதனைத் தொடும் தொழிலாளியையும் காவாது.

இக்குறையை நீக்கவே எண் முறை ஏற்பட்டது. 1962-ஆம் ஆண்டிலேயே சுவிட்சுப் பெட்டிகளின் காப்பு நிலைகளை வகுத்து ஐ.எஸ். 2147 என்னும் இந்தியத் தரம் வெளியாயிற்று. இன்று நாம் பின்பற்றுவது ஐ.இ.சி. 60529 என்னும் சர்வதேசத் தரத்தின் 'ஐ.பி.' எண்கள். முதல் இலக்கம் திடப்பொருளைப் பற்றியது. 2 எனில் விரல் உள்ளே சென்று மின்பகுதியைத் தொட இயலாது. 5 எனில் தீங்கு விளைக்கும் அளவு தூசி புகாது. 6 எனில் தூசி அறவே புகாது. இரண்டாம் இலக்கம் நீரைப் பற்றியது.

பெரிய எண் எல்லாவற்றையும் அடக்கும் என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. நீருக்குரிய 7 என்பது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் மூழ்கியிருக்கும் சோதனை. 5 என்பது நிமிடத்திற்கு 12.5 லிட்டர் வீதம் குழாயினின்று பீய்ச்சும் சோதனை. முன்னதில் தேறிய உறை பின்னதிலும் தேறும் என்பதற்கு உறுதியில்லை. நாள்தோறும் குழாய் நீர் பீய்ச்சிக் கழுவும் பால் பண்ணைக்கு 67 என்று மட்டும் குறித்த பெட்டியை வாங்குவோர் மிகுந்த விலை கொடுத்தும் தவறான பொருளையே பெறக்கூடும்.

எண் சொல்லாதனவும் உள. கடற்கரை உப்புக்காற்றால் நேரும் துருவையும் வெயிலின் கடுமையையும் அது அளப்பதில்லை. இறுக மூடிய பெட்டியில் வெப்பம் தேங்கும். பகலில் விரிந்து வெளியேறிய காற்று இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, ஈரக்காற்று சிறு இடுக்குகள் வழியே உள்ளே இழுக்கப்பட்டு நீர்த்துளியாகப் படியும். மழைக்காலத்தில் இதனைத் தடுக்கச் சிறு சூடேற்றியோ வடிதுளையோ வேண்டும். அத்துளையும் தயாரிப்பாளர் அமைத்ததாக இருத்தல் வேண்டும்.

அனைத்தினும் பெரிய ஆபத்து, எரிவாயு உள்ள இடங்களில் ஐ.பி. எண்ணை நம்புவது. நிலக்கரிச் சுரங்கங்களுக்குரிய 'பிளேம்புரூப்' உறை வாயுவை வெளியே நிறுத்துவதன்று. உள்ளே புகுந்த வாயு வெடித்தாலும் அவ்விசையைத் தாங்கி, வெளிச்செல்லும் சுடரைக் குறுகிய உலோக இடைவெளியில் குளிர்வித்து அணைப்பது. 'தீப்பிடிக்காதது' என்று மொழிபெயர்த்தால் இவ்வுண்மை மறைந்துபோகும். 'சுடர் கடவாதது' என்பதே பொருந்தும். 1956-இல் தன்பாதில் தொடங்கப்பெற்று இன்று வேறு பெயரில் இயங்கும் மத்திய சுரங்க ஆராய்ச்சி நிலையம் இத்தகைய உறைகளைச் சோதித்துச் சான்று வழங்குகிறது. ஆயினும் ஒரு போல்ட் குறைந்தாலும், அனுமதியின்றி ஒரு துளை இட்டாலும் அச்சான்று பயனற்றதாகும்.

சாதாரண உறைகளுக்கும் இது பொருந்தும். தளர்ந்த கேபிள் கிளாண்டும் நைந்த ரப்பர் வளையமும் எத்தகைய எண்ணையும் பொய்யாக்கிவிடும்.

ஆகவே டெண்டர் எழுதுவோர் ஐ.பி. எண்ணோடு இடத்தின் இயல்பையும் எழுதுக: என்ன தூசி, எவ்வகை நீர், எவ்வளவு வெப்பம், காற்றில் எரிவாயு உண்டா என்று. தொழிற்கல்வி ஆசிரியர்கள் எண்ணை மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாது, பழைய பெட்டியொன்றைத் திறந்து அதன் இணைப்புகளை மாணவர்க்குக் காட்டுவார்களாக. உறை என்பது கருவியின் ஓர் உறுப்பு என்னும் எண்ணம் வகுப்பறையிலேயே வேரூன்ற வேண்டும்.