காலை மடக்கினால்தான் கைதட்டா?

"கூத்தில ஆம்பிளைதானே திரௌபதைக்குக் கட்டினான்? அப்ப ஒருத்தரும் வழக்குப் பேசல்லையே?"

இலங்கையின் கிழக்குக் கரையில், தம்பிலுவில் பக்கத்தில், ஊனமுற்ற பாத்திரத்தில் யார் நடிப்பது என்ற பேச்சை எடுத்தால் முதலில் வந்து விழுகிற கேள்வி இதுதான். கேட்பவர்கள் சும்மா கேட்கவில்லை. பகலெல்லாம் வயலில் நின்றவன் இரவு கூத்துக் களரிக்கு வந்தால் தருமராகிவிடுவதைப் பார்த்து வளர்ந்த கரை இது. வேடம் கட்டுவதுதான் நடிப்பு. அப்படியிருக்க, கண் தெரிகிற நடிகர் கண் தெரியாதவராக நடித்தால் என்ன குற்றம்? இரண்டு காலும் உள்ளவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கு நட்டம்? இதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கிறார்கள்.

கூத்தைச் சாட்சிக்கு அழைத்தால் அதன் சாட்சியத்தை முழுதாகக் கேட்க வேண்டும். ஆண் ஏன் பெண்வேடம் கட்டினான்? பெண் களரி ஏறக்கூடாது என்று ஊர் வைத்திருந்தபடியால் கட்டினான். அந்த ஆண்கள் அருமையாக ஆடினார்கள். அதற்காக, "அவர்களே நன்றாக ஆடுகிறார்களே, பொம்பிளைப் பிள்ளைகள் எதற்கு?" என்று இன்று ஒரு கூத்து அண்ணாவியார் சொன்னால் பாடசாலைப் பிள்ளைகளே சிரிப்பார்கள். இப்போது பாடசாலை மேடைகளில் பெண்பிள்ளைகள் ஆண்வேடமும் கட்டி ஆடுகிறார்கள். தடை போனது; வேடம் எங்கும் போய்விடவில்லை. வேடத்துக்கு எதிராக எனக்கு வழக்கே இல்லை. யார் யாருக்கெல்லாம் வேடம் கட்ட விடுகிறோம் என்பதில்தான் வழக்கு.

தமிழ் சினிமாவில் இந்த வழக்கை விளங்கிக்கொள்ள ஒரே ஓர் இயக்குநர் போதும். சிங்கீதம் சீனிவாசராவ் 1981-இல் 'ராஜபார்வை' எடுத்தார். கமல்ஹாசன் பார்வையற்ற வயலின் கலைஞராக நடித்தார். நல்ல படம்தான், பார்வையற்றவனை அழுகைப் பொட்டலமாக்காமல் காதலிக்கவும் கோபப்படவும் விட்ட படம். எட்டு ஆண்டு கழித்து, 1989-இல், அதே இயக்குநரும் அதே நடிகரும் 'அபூர்வ சகோதரர்கள்' தந்தார்கள். குள்ள மனிதன் அப்புவாக வருவதற்குக் கமல் காலை மடக்கிக் கட்டினார், முழங்காலில் சப்பாத்து மாட்டினார். எப்படிச் செய்தார் என்ற இரகசியத்தை இன்றைக்கும் தேநீர்க் கடைகளில் பேசுகிறார்கள். அந்தப் படத்தின் சர்க்கஸ் கூடாரத்தில் அப்புவைச் சுற்றி உண்மையாகவே உயரம் குறைந்த நடிகர்களும் நின்றார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரையாவது அந்தத் தேநீர்க் கடையில் யாராவது சொல்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கதையையும் கொஞ்சம் பாருங்கள். அப்பு ஆசைப்பட்ட பெண்ணின் பதிவுத் திருமணத்துக்கு அப்புவே சாட்சிக் கையெழுத்துப் போட அழைக்கப்படுகிறான். உயரமான சகோதரனுக்குக் காதலும் உண்டு, ஆட்டமும் பாட்டும் உண்டு. அப்புவுக்கு மிஞ்சியது பழிவாங்கல். படம் அப்புவின் பக்கம்தான் நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாம் கைதட்டியது எதற்கு? அப்புவின் துயரத்துக்கா? கமலின் முழங்காலுக்குத்தான் தட்டினோம். நடிகரின் உடலுக்கும் பாத்திரத்தின் உடலுக்கும் இருக்கிற தூரத்தை அளந்து அளந்து தட்டினோம். தூரம் கூடக் கூட விருது. 'காசி'யில் விக்ரம் கண்ணை மேலே உருட்டினார், 'தெய்வத்திருமக'ளில் குழந்தை மனதோடு வந்தார், 'மொழி'யில் ஜோதிகா கையால் பேசினார். ஒவ்வொன்றுக்கும் நாம் சொன்னது ஒரே வார்த்தை: "என்னமா நடிச்சிருக்கு!" காது கேளாத பெண் ஒருத்தி அதே பாத்திரத்தில் வந்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? "அவ அப்படித்தானே, இதில நடிப்பு எங்க இருக்கு?" என்றிருப்போம். இந்த இரண்டாவது வசனம்தான் நம்முடைய உண்மையான நம்பிக்கை. முதல் வசனம் அதற்குப் போட்ட போர்வை.

'ராஜபார்வை'க்கும் 'அபூர்வ சகோதரர்க'ளுக்கும் நடுவே, 1985-இல், இதே சிங்கீதம் தெலுங்கில் 'மயூரி' எடுத்தார். 1981-இல் திருச்சிக்கு அருகே நடந்த பஸ் விபத்தில் ஒரு காலை இழந்து, ஜெய்ப்பூர்ச் செயற்கைக் காலோடு மறுபடி பரதம் ஆடிய சுதா சந்திரனின் கதை. சுதா சந்திரனே நடித்தார். தேசிய விருதில் நடுவர் குழுவின் சிறப்பு விருது கிடைத்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர் யாராவது "இது நடிப்பில்லை, சொந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறாள்" என்று எழுந்து போனார்களா? கமரா முன்னால் அழுகையை எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த வசனத்தை விழுங்குவது என்பதைக் கால் கற்றுத் தராது. அது தொழில். கால் இல்லாதவருக்கும் அந்தத் தொழில் வரும் என்று ஓர் இயக்குநருக்கு ஒருமுறை தெரிந்திருந்தது. தெரிந்த பிறகும் நாலாம் வருடம் முழங்காலில் சப்பாத்து மாட்டினார்கள் என்பதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

'நான் கடவுள்' பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். 2009-இல் வந்த பாலாவின் படம், ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' நாவலைத் தழுவிய பகுதிகளோடு. பிச்சைக்காரர்களாக உண்மையிலேயே ஊனமுற்ற மனிதர்கள் நடித்தார்கள். அந்த நிலவறைக் காட்சிகளில் அவர்கள் அடித்துக்கொள்ளும் பகிடி இருக்கிறதே, சினிமாக்காரரைக் கிண்டல் செய்வது, முதலாளியை நக்கலடிப்பது, அது தமிழ் சினிமாவில் அரிதாகக் கிடைத்த ஒன்று. மாற்றுத்திறனாளி அழாமல், உபதேசம் செய்யாமல், வாய்க் கொழுப்போடு இருக்கிறார். சரி, அவர்களில் ஒருவருக்குக் கதாநாயகி வேடம் போனதா? போகவில்லை. பார்வையற்ற அம்சவல்லி வேடம் பூஜாவுக்குப் போனது, தாய்வழியில் நம் நாட்டுப் பெண். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. அந்தக் குரலும் முகமும் இன்னும் நினைவில் நிற்கின்றன. ஆனால் படத்தின் வரிசையைப் பாருங்கள். உண்மையான உடல்கள் பின்னணிக்கு, நடிகையின் உடல் முன்னணிக்கு. முன்னால் வந்த அந்தப் பாத்திரமும் கடைசியில் சாவை வரமாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. பாலாவுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது. சிறந்த ஒப்பனைக்கான தேசிய விருதும் அதே படத்துக்குத்தான்.

"இந்தியாவில் அப்படி யோசிக்க முடியாத காலம்" என்று சமாதானம் சொல்வார்கள். பத்து வருடம் கழித்து வந்த 'பேரன்பு' அந்தச் சமாதானத்தைக் கெடுத்துவிட்டது. ராம் அந்தப் படத்தில் திருநங்கை மீராவாக அஞ்சலி அமீரை நடிக்க வைத்தார், அவர் திருநங்கையே. நாயகனின் மகள் பாப்பா மூளை முடக்குவாதம் உள்ள பெண். அந்த வேடம் சாதனாவுக்கு. சாதனா கடுமையாக உழைத்திருக்கிறார், சந்தேகமில்லை. நான் கேட்பது இயக்குநரிடம். ஒரு பாத்திரத்துக்கு யோசிக்க முடிந்ததை அடுத்த பாத்திரத்துக்கு ஏன் யோசிக்க முடியவில்லை?

பணம் என்பார்கள். நட்சத்திரம் இல்லாமல் படம் ஓடாதாம். ஸ்பெயினில் 2018-இல் வந்த 'கம்பியோனெஸ்' அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள நடிகர்களைக் கொண்ட கூடைப்பந்துப் படம். அந்த ஆண்டு அந்த நாட்டுப் படங்களில் வசூலில் முதலிடம் அதற்கு. அதில் நடித்த, பார்வை மிகக் குறைந்த ஹெசூஸ் விடாலுக்குக் கோயா விருது. அதை மறுபடி எடுத்துத்தான் ஆமீர் கான் 2025-இல் 'சித்தாரே ஜமீன் பர்' என்று அப்படிப்பட்ட பத்துப் பேரோடு வந்தார். நட்சத்திரமும் இருக்கலாம், அவர்களும் இருக்கலாம் என்று கணக்குத் தெரிந்த மும்பாய்க்கே விளங்கிவிட்டது.

இன்னொரு பழைய வியாதி, குணமாக்கும் வியாதி. இது சினிமா கண்டுபிடித்ததில்லை. நொண்டி நாடகங்களில் குதிரை திருடிக் கைகால் வெட்டப்பட்டவன் கடவுள் அருளால் கடைசியில் அவற்றைத் திரும்பப் பெறுகிறான். சீதக்காதி நொண்டி நாடகத்தில் அவன் மக்காவுக்குப் போய்ப் பெறுகிறான். திருக்கோவில் இந்துவும் அக்கரைப்பற்று முஸ்லிமும் இந்த விடயத்தில் ஒற்றுமை. 1963-இல் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் நொண்டி நாடகத்தை மேடையேற்றியபோதும் கதை அதுதான். மடக்கிய காலை நீட்டிக் காட்ட, மடக்கக் கால் உள்ள நடிகர் வேண்டும். கதையே அப்படி எழுதப்பட்டால் வேடம் யாருக்குப் போகும் என்பதும் எழுதும்போதே முடிவாகிவிடுகிறது.

ஊனமில்லாதவர் ஊனமுற்றவராக நடித்ததற்கு நம் நாட்டிலும் நல்ல உதாரணம் உண்டு. பிரசன்ன விதானகேயின் சிங்களப் படம் 'புர ஹந்த களுவர'வில் ஜோ அபேவிக்ரம பார்வையற்ற கிழவர். சீல் வைத்த சவப்பெட்டிக்குள் தன் மகன் இருக்கிறான் என்று நம்ப மறுக்கும் அந்தத் தகப்பனை, போரில் பிள்ளைகளைத் தொலைத்த எந்தத் தமிழ்த் தாயும் அடையாளம் கண்டுகொள்வாள். 1999-இல் சிங்கப்பூர் விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்கு. பழைய படங்களைப் போட்டு உடைக்கச் சொல்லவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஆனால் 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதமானவர்களுக்கு, 16 இலட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு, ஏதோ ஓர் ஊனம் உண்டு. போரும் சுனாமியும் மிதித்த இந்தக் கரையில் செயற்கைக் கால் இல்லாத ஒழுங்கை குறைவு. இத்தனை பேரிலும் கமரா முன் நிற்கக்கூடியவர் ஒருவரும் இல்லை என்று நம்பச் சொல்கிறீர்களா? 2016-இல் இலங்கை ஏற்றுக்கொண்ட, ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தின் 30-வது உறுப்புரை, அவர்களின் கலைத்திறன் வளர வழிசெய்யவேண்டும் என்கிறது. வழி என்பது முதலில் நாடகப் பயிற்சி நடக்கிற மண்டபத்தின் படிக்கட்டு.

கடைசியாக ஒரு கெட்டிக்காரக் கேள்வி வரும்: "அப்படியென்றால் கால் இல்லாதவர் கால் இல்லாதவராக மட்டும்தான் நடிக்கவேண்டுமா?" இதுதான் கதையின் மறுபாதி, இதைத்தான் நானும் கேட்கிறேன். 1947-இல் ஹரால்ட் ரஸல், இரண்டு கைகளையும் இழந்த படைவீரர், அப்படியொரு பாத்திரத்தில் நடித்து ஒரே வேடத்துக்கு இரண்டு ஒஸ்கார் வாங்கினார். அடுத்த குறிப்பிடத்தக்க படத்துக்கு அவர் 1980 வரை காத்திருந்தார். கையில்லாத பாத்திரம் எழுதப்படாத வருடங்களில் அவருக்கு வேலையில்லை. கையுள்ள பாத்திரம் அவருக்கு இல்லை என்பது சொல்லாமலே தெரிந்த சட்டம். நடிப்பு என்றால் வேறொருவராக மாறுவது என்கிறவர்கள் அந்த முப்பத்துச் சொச்சம் வருடமும் எங்கே போயிருந்தார்கள்?

சுதா சந்திரனுக்கு அப்படி நடக்கவில்லை. விஜய் தொலைக்காட்சியின் 'தெய்வம் தந்த வீடு' 2013-இலிருந்து 2017 வரை ஓடியது. அதில் மாமியார் சித்ராதேவி அவர்தான். எங்கள் வீட்டுப் பெண்கள் அந்த மாமியாரைத் திட்டியபடி இரவுச் சோறு பரிமாறினார்கள். பட்டுச்சேலை, பெரிய பொட்டு, ஒரு பார்வையில் மருமகளை உறைய வைக்கும் மிடுக்கு. அந்த வேடத்துக்கு அவர் கால் தேவைப்படவில்லை, காலின்மையும் தேவைப்படவில்லை. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இப்போது குறும்படம் எடுக்கும் பொடியன்கள் அடுத்த படத்தில் ஒரு வங்கி முகாமையாளரையோ கந்துவட்டிக்காரனையோ எழுதும்போது, அந்த வேடத்துக்கு யாரையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தார்கள் என்று நான் கேட்கத்தான் போகிறேன்.