உணவகத்து ஆங்கிலமும் நமது கூச்சமும்

எங்கள் நண்பர்களுள் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்பு முதல் மாத ஊதியம் பெற்றதும், பெற்றோரைச் சென்னையில் குளிரூட்டப்பட்ட உணவகம் ஒன்றிற்கு அழைத்துச் சென்றார். தந்தையார் முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மேசைக்கு வந்த கனத்த அட்டையை அவர் முதற்பக்கம் தொடங்கிக் கடைசிப்பக்கம் வரை பொறுமையாகப் புரட்டினார். ஸ்டார்ட்டர், மெயின் கோர்ஸ், டெசர்ட் என்று பிரிவுகள். ஒவ்வொன்றின் கீழும் இருபது முப்பது பெயர்கள். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்க வல்லவர்தாம். படித்தவை என்ன பண்டங்கள் என்பதுதான் விளங்கவில்லை. பரிமாற வந்த இளைஞர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். தந்தையார் அட்டையை மூடி வைத்துவிட்டு, "எனக்குப் பசியில்லப்பா, நீங்க சாப்பிடுங்க" என்றார். திரும்பும் வழியில் தெருமுனைத் தள்ளுவண்டியருகே நின்று நான்கு இட்லி உண்டாராம். நண்பர் இதைச் சொன்னபோது எங்களில் எவருக்கும் சிரிப்பு வரவில்லை.

இதையொட்டி எங்களுக்குள் எழுந்த விவாதத்தின் சாரமே இக்கட்டுரை. "மொத்தம் முப்பது சொற்கள், கற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?" என்றது ஒரு கட்சி. "தமிழ்நாட்டில் தமிழாசிரியர் உணவருந்த ஆங்கிலம் எதற்கு?" என்றது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. இரண்டும் ஒன்றைக் காணத் தவறின என்பது எங்கள் துணிபு.

முதல் கட்சியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் கற்பிக்கும் கையேடுகளில் உணவகத்திற்கென்று ஓர் அத்தியாயம் இருக்கும். மெனுவைக் காட்ட முடியுமா, நால்வருக்கு மேசை கிடைக்குமா, பில்லைக் கொண்டுவருகிறீர்களா என்பன போன்ற பணிவான வாக்கியங்கள் அதில் நிறைந்திருக்கும். மனப்பாடம் செய்வதில் தீங்கில்லை. ஆனால் இடறுவது அங்கேயன்று. அமெரிக்காவில் பில்லுக்குச் செக் என்று பெயர். ஆந்த்ரே என்ற சொல் ஆஸ்திரேலியாவில் முன்னுணவைக் குறிக்கும். அமெரிக்காவில் அதுவே முதன்மை உணவு. பசியோடு இருப்பவருக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

அதைவிட இடறுபவை, நமக்குத் தெரிந்தவை என்று நாம் நம்பியிருக்கும் சொற்கள். நம்மூர்க் கடையில் ஆஃப் பாயில் என்றால் கல்லில் உடைத்து ஊற்றி, மஞ்சள் கரு கலங்காமல் எடுத்த முட்டை. அதில் பாயில், அதாவது வேகவைத்தல், இல்லவே இல்லை. லண்டனில் அதே சொல்லைச் சொன்னால் ஓட்டோடு வேகவைத்த முட்டையைத்தான் நினைப்பார்கள். நமக்கு ரோஸ்ட் என்பது நெய் மணக்கும் முறுகல் தோசை. அவர்களுக்கு அடுப்பறையில் வாட்டிய இறைச்சி. மட்டன் நமக்குப் பெரும்பாலும் வெள்ளாடு. அவர்களுக்கு முதிர்ந்த செம்மறி. பார்சல் நமக்குக் கட்டிக்கொடுக்கும் உணவு. அவர்களுக்கு அஞ்சலில் வரும் பொதி. ஓட்டலென்றால் நமக்குச் சாப்பிடுமிடம், அவர்களுக்குத் தங்குமிடம். மீல்ஸ் என்ற பன்மையை ஒருமையாக்கி, 'ஒரு மீல்ஸ்' என்று வாழையிலை விரித்துப் பரிமாறிய பெருமையும் நம்முடையதே.

இவற்றைப் பிழையென்று சொல்லித் தலைகுனிய வேண்டியதில்லை. டிபன் என்பது, அவ்வப்போது சிறிது மது அருந்துவதைக் குறித்த ஆங்கிலக் கொச்சைச் சொல்லினின்று பிறந்து, இந்தியாவில் குடியேறிய ஆங்கிலேயரின் நண்பகல் உணவாகி, பிறகு நமது இட்லி தோசையாயிற்று. இங்கிருந்து கறியும் கஞ்சியும் மிளகுத்தண்ணீரும் அவர்கள் மொழிக்குப் போயின. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைப் புரட்டினால் இப்போக்குவரத்து முழுவதையும் காணலாம். தங்கள் 'மல்லிகாட்டானி' நம் மிளகுத்தண்ணீர்போல் ஒலிக்கவில்லையே என்று எந்த ஆங்கிலேயரும் கூசியதாகத் தெரியவில்லை.

அவர்களுக்கும் கூச்சம் இருந்ததுண்டு. அது பிரெஞ்சுக்காரர் முன்னிலையில். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், தொழுவத்தில் நின்ற விலங்குக்கு ஆங்கிலப் பெயரும் தட்டில் விழுந்த இறைச்சிக்குப் பிரெஞ்சுப் பெயரும் நிலைத்தன. வால்டர் ஸ்காட் தம் ஐவன்ஹோ நாவலில் இரு ஏவலாளர்களின் உரையாடலாக இதை வைத்து எள்ளியிருக்கிறார். ரெஸ்டாரண்ட் என்பதே முதலில் உடலைத் தேற்றும் ஒருவகைச் சாற்றின் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிசில் அச்சாறு விற்ற இடத்திற்கு ஆகிவந்தது. மெனு என்றால் நுணுக்கமான விவரம். டெசர்ட் என்றால் மேசையைத் துடைத்தெடுத்தபின் வருவது. நம்மை அச்சுறுத்தும் அந்த அட்டையில் பாதி, ஆங்கிலேயர் கடன் வாங்கியது.

ஆகவே சிக்கல் சொற்களில் இல்லை. அட்டையை யாருக்காக அச்சிட்டார்கள் என்பதில் இருக்கிறது. உணவகத்து எழுத்து ஒருவரை உள்ளே அழைக்கும், அல்லது வெளியே நிறுத்தும். தமிழகம் இதை அறியாததன்று. 1957இல் திருவல்லிக்கேணி உணவகம் ஒன்றின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற ஒரே சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியல் தொடங்கினார். அந்தச் சாதி இழிவையும் இந்த மொழித் தயக்கத்தையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் முனையவில்லை. ஆயினும் பலகைச் சொல்தானே என்று அன்று விட்டுவிடவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். இன்று வாசலில் தமிழ்ப் பெயர் இருக்கிறது. உள்ளே பல இடங்களில் அட்டையைத் திறந்தால் தமிழ் இல்லை. அட்டையும் போய்க் கைப்பேசியில் படித்துக்கொள்ளச் சொல்லும் இடங்களில் முதியவர்பாடு இன்னும் இரங்கத்தக்கது.

மறு கட்சிக்கும் ஒரு சொல். அன்று பரிமாற வந்த இளைஞர் வடகிழக்கு மாநிலத்தவர் என்றார் நண்பர். அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. எங்கோ ஒரு பயிற்சியறையில் அதே முப்பது சொற்களை அவரும் வியர்க்க வியர்க்கக் கற்றிருப்பார். பிழைப்புக்காகக் கற்றவரும், கற்காததால் பசியை மறைத்தவரும் எதிரெதிரே நின்றார்கள். அவர்மீது சினம் கொள்வது நியாயமாகாது.

நாங்கள் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஸ்பகெட்டிக்குத் தூய தமிழ்ப்பெயர் சூட்ட வேண்டாம். உணவகம் என்ற சொல்லை மக்கள் ஏற்றார்கள். காப்பிக்குக் குளம்பி என்றதை ஏற்கவில்லை. எது நிலைக்கும் என்பதை நாக்கு தீர்மானிக்கட்டும். பெயரைத் தமிழெழுத்தில் எழுதுங்கள். அதனடியில் அது என்ன, எதனால் ஆனது, காரமா இனிப்பா, இறைச்சி உண்டா என்று ஒரே வரி தமிழில் எழுதுங்கள். அதற்கு ஆகும் செலவு இன்னும் சில பக்கங்கள். அவ்வரி கையிலிருந்தால், தமிழ் அறியாத பணியாளரிடமும் விரலால் சுட்டி விரும்பியதைக் கேட்டுவிடலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த முப்பது சொற்களைக் கற்றுக்கொள்வோம். வெளிநாடு செல்லும்போது உதவும். தெரியாத பெயரைக் கண்டால், "இது என்னங்க?" என்று குரலைத் தாழ்த்தாமல் கேட்போம். விலை கொடுப்பவர் பொருளை விசாரிப்பது சந்தையில் இழுக்கன்று. குளிரூட்டிய அறையில் மட்டும் எப்படி இழுக்காகும்? நம் பெற்றோரை அழைத்துச் செல்லும் நாளிலாவது, அட்டையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நாம் கைப்பேசியில் ஆழ்ந்துவிடாமல், பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வோம். நமக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித்தந்தவர்கள் அவர்கள்தாமே.