வாசல் எது?

மலேரியாக் கிருமியின் ஒரே ஒரு புரதம் எவ்வழியே போகிறது என்று டாக்டர் பட்டத்திற்காக ஒரு மாணவி நாலைந்து வருஷம் ஆராய்ந்தால், "இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று நாம் கேட்டுவிடுகிறோம்.

சிவப்பு ரத்த அணு ஒரு காலி வீடு. அதில் உட்கருவும் இல்லை. புரதம் செய்து அனுப்பும் சாதனமும் இல்லை. குடிபுகுந்த பால்சிபாரம் கிருமி, தன்னை மூடியுள்ள சவ்வுப் பைக்குள் இருந்தபடியே நூற்றுக்கணக்கான புரதங்களைச் செய்து அணுவுக்குள் அனுப்புகிறது. அவற்றுள் ஒன்று அணுவின் மேற்பரப்பை அடைந்து, அதை ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டவைக்கிறது. அவ்வாறு ஒட்டிய அணு மண்ணீரலில் அழியாமல் தப்பிவிடுகிறது.

இப்புரதங்கள் பலவற்றில் மேல்விலாசம் போன்ற ஒரு சிறு அடையாளம் இருப்பதை 2004-ல் கண்டார்கள். பையின் சவ்விலுள்ள வாசலை 2009-ல் கண்டார்கள். மடிந்த புரதம் அதில் நுழையாது. ஊசியில் நூல் கோப்பதுபோல் பிரித்து நீட்டியே செலுத்த வேண்டும். 2014-ல் அந்த வாசலைச் செயலிழக்கச் செய்தபோது கிருமியின் வளர்ச்சியே நின்றது!

1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டதும் பார்வைக்குச் சிறு விஷயமே. கொசுவை ஒழித்து ஜுரத்தைத் தடுக்கும் முயற்சிக்கு அதுவே அஸ்திவாரமாயிற்று.

2023-ம் வருஷத்தில் மட்டும் மலேரியாவுக்குச் சுமார் 6 லட்சம் பேர் பலியானார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். வாசல் எது என்று தெரியாமல் பூட்டுப் போடுவது எப்படி? அந்த மாணவி தேடுவது வாசலைத்தான்.