பவளத் தீவுக்கு விருந்தாளிகள்

சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டியில் விடுமுறையென்றால் ஏற்காடு என்றிருந்த காலம் போய்விட்டது. இப்போது ஜனங்கள் பவளத் தீவைக் காண ஆசைப்படுகிறார்கள். இதை நாம் குறை கூறோம். அதற்காக மாலத்தீவுக்குத்தான் ஓடவேண்டுமென்று நினைப்பதுதான் விசித்திரம்!

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 பவளத் தீவுகள் உண்டு. அங்கே கடற்பசு புல் மேய்கிறது, ஆமைகள் உலவுகின்றன. 1986-ம் வருஷம் ஸர்க்கார் அப்பிரதேசத்தைக் கடல்வாழ் உயிரினங்களின் தேசியப் பூங்காவாக்கினார்கள். ஆயினும், இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பவளப் பாறையைப் பல்லாண்டு வெட்டியெடுத்ததே இதற்கு முக்கிய காரணமென்பர். அலையைத் தடுக்கும் மதில் போனபின் மணல் எங்ஙனம் நிற்கும்? வெள்ளைக்கல் வெட்டிய குழிகளை அன்றாடம் பார்க்கும் சேலத்தாருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2001-ல்தான் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்புக் கிடைத்தது.

அத்தீவுகளில் விடுதிகள் எழுந்தால் வருமானம் பெருகாதா என்று சிலர் கேட்கலாம். தலைமுறை தலைமுறையாய்க் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பாம்பன் பக்கத்து மீனவப் பெண்களை, தீவுகளை அணுகலாகாதென்று அதிகாரிகள் தடுத்திருக்கின்றனர். அவர்கள் வயிற்றுக்கு மறுத்ததை உல்லாசிகளின் களிப்புக்குக் கொடுப்பது என்ன நியாயம்? விருந்தாளிகள் அடியில் கண்ணாடி பதித்த படகிலிருந்து பவளத்தைக் கண்டு களிக்கட்டும். கால் பதிக்க வேண்டாம். படகுக் கட்டணத்தில் ஒரு பங்கு அப்பெண்களுக்குச் சேரவேண்டுமென்பது நமது கோரிக்கை.